ஒரே மட்டத்தில் இரண்டு போத்தல்கள்

தேநீர் இடைவேளையில் உங்களில் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. "இந்தப் படிவத்துல லய நம்பர் எதுக்குக் கேக்குறாங்க? தோட்டத்துப் பேரு போதாதா? அத சும்மா விட்டுருவோம்." யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருவர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்ற பிறகும் இவ்வளவு கோபம் ஆகாது என்று என் மகள் சொல்லித்தான் அனுப்பினாள். அதனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

படிவம் நிரப்புவது, போத்தலைக் குலுக்குவது, துளி எண்ணுவது எல்லாம் இந்த மருந்துச் சோதனைக்காக உங்கள் கையில் தந்திருக்கும் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதில் இல்லை. என் பிழையை யார் அச்சடித்துத் தரப்போகிறார்கள்?

நான் பதுளைப் பக்கத்தில் குறைமாதப் பிள்ளைகள் பிரிவில் தாதியாக இருந்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் பிள்ளைகள். அவற்றின் உயிரைக் காப்பாற்றிவிடுவோம். பிறகுதான் மற்றத் தொல்லை ஆரம்பிக்கும். முதிராத நுரையீரல் கெட்டுப்போய், வருடக்கணக்காக இளைப்பு, அடிக்கடி ஆஸ்பத்திரி, சில பிள்ளைகளுக்கு மூக்கில் ஒட்சிசன் குழாய். விறகுப் புகையும் மலைக் குளிரும் உள்ள லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், அப்படி ஒரு பிள்ளையை வளர்த்துப் பாருங்கள், தெரியும். அந்த நிலை வராமல் தடுக்குமா என்று ஒரு துளி மருந்தைச் சோதித்தார்கள். வார்டில் ஆரம்பித்து, வீட்டுக்குப் போன பிறகும் ஆறு வாரம் கொடுக்க வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து. பாதிப் பிள்ளைகளுக்கு அதே நிறத்தில், அதே ருசியில் வெறும் இனிப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும், எது என்று உள்ளே எழுதிய ஒரு கவர், அதற்குச் சீல். கவர்கள் இருந்த அலுமாரியின் சாவி என் கழுத்தில் தொங்கியது.

ஏன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். நல்லது என்று நம்பிச் சோதிக்காமல் கொடுத்தவை பிள்ளைகளைக் கெடுத்ததை என் ஆரம்ப காலத்தில் நான் கண்ணால் பார்த்தவள். அந்தச் சோதனையை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். இல்லாவிட்டால் உங்கள் முன்னால் வந்து நிற்பேனா?

நிரோஷாவும் புஷ்பாவும் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா. நாலு நாள் இடைவெளியில் இருவருக்கும் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது. நிரோஷாவுக்கு இருபத்திரண்டு வயது, முதல் பிள்ளை, பெண். புஷ்பா அவளைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கு ஆண் பிள்ளை. அதற்கு முன் பெற்ற இரண்டும் தங்கவில்லை. இருவரின் கணவன்மாரும் கொழும்பில் கடை வேலை. நிரோஷாவின் பிள்ளை எடை மிகக் குறைவு, ஆகவே துளியும் குறைவு. புஷ்பாவின் பிள்ளைக்குக் கொஞ்சம் கூட. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சம்மதம் வாங்கும் தாளில் இருந்த தமிழ் எந்த ஊர்த் தமிழோ எனக்கே விளங்கவில்லை. அதை மூடி வைத்துவிட்டு என் வாயாலேயே சொன்னேன். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

"இங்க பாருங்கம்மா. ரெண்டு மாதிரிப் போத்தல் இருக்கு. ஒன்னுல மருந்து, இன்னொன்னுல வெறும் இனிப்புத் தண்ணி. பாத்தா வித்தியாசம் தெரியாது. ஒங்களுக்கு எது வருதுன்னு எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது."

புஷ்பா நெற்றியைச் சுருக்கினாள். "அப்ப ஒரு புள்ளைக்கு மருந்து, ஒரு புள்ளைக்குத் தண்ணிங்களா?"

"ஆமா. இந்த மருந்து நல்லது செய்யுமா, கெட்டது செய்யுமான்னே இன்னும் தெரியாது. அதப் பாக்கத்தான் இதெல்லாம்."

"வேணாம்னு சொன்னா?"

"சொன்னா ஒன்னும் இல்ல. புள்ளைக்கு வழக்கமான வைத்தியம் அப்படியே நடக்கும். வெளங்குச்சா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வெளங்குச்சுங்க மிஸ்" என்றாள் புஷ்பா. நிரோஷாவும் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டார்கள்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். வீட்டுக்கு அனுப்பும் நாளில், இருவர் கையிலும் போத்தலைக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சேர்த்தேன். "ஒழுங்கா குடுக்கணும். இல்லன்னா பேர வெட்டிருவேன், ஆமா!"

தோட்டத்தில் பேர் என்றால் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எடுத்த கொழுந்து போதாவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், அரை நாள் கூலிதான் விழும். பேரையே வெட்டிவிட்டால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாலும் வேலை இல்லை. நானும் லயத்தில் பிறந்தவள். அந்தச் சொல் காதில் விழுந்தால் என் அம்மாவின் முகம் எப்படி மாறும் என்று பார்த்து வளர்ந்தவள். அந்தச் சொல்லைத்தான் ஒரு பகிடிக்காக எடுத்து, பச்சை உடம்புக்காரிகள் இருவர் மேல் வீசினேன். அவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷம்.

மூன்றாம் வாரம் வீடு பார்க்கப் போனேன். வான் பாதி வழியில் நின்றுவிட்டது. மிச்சத்தைச் சேற்றில் நடந்தேன். நிரோஷாவின் காம்பராவில் கூரை ஒழுகுகிறது என்று இரண்டு போத்தலையும் புஷ்பாவின் காம்பராவில், சாமி படத்துக்குக் கீழே இருந்த தட்டில் வைத்திருந்தார்கள். துடைத்து, மூடி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. ஒவ்வொரு போத்தலாக எடுத்து, மிச்சம் எவ்வளவு என்று பார்த்தேன். சிந்தியது, துப்பியது போக இவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று படிவத்தில் ஒரு அளவு இருக்கும். இரண்டும் அந்த அளவுக்குள் இருந்தன. சரி போட்டேன். திரும்பி வந்து வார்டில் மற்றத் தாய்மாரிடம் பெருமையடித்தேன். "மடுல்சீமையப் போய்ப் பாருங்க. அவுங்க ரெண்டு பேரும் எப்படிக் குடுக்குறாங்கன்னு பாத்துட்டு வாங்க!"

இன்று நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஐந்தாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். நிரோஷா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் புஷ்பா, தன் பிள்ளையை மாரோடு கட்டிக்கொண்டு. தோட்டத்து லொறியில் வந்திருக்கிறார்கள். வரும் வழியெல்லாம் நிரோஷாவின் பிள்ளை மூச்சு விட மறந்து மறந்து போயிருக்கிறது. உதடு நீலம். நான் பிள்ளையை வாங்கி, முகமூடியை வைத்து, பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன்.

எங்கள் பெரிய டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தமிழ் கொஞ்சம் விளங்கும், பேச வராது. தாய்மாரோடு பேசுவதற்கு அவருக்கு நான்தான் நாக்கு. வந்தவர் பிள்ளையின் நெஞ்சில் கருவியை வைத்தபடியே கேட்டார்: "இந்தப் பிள்ளை சோதனையில் இருக்கிறதா? போத்தலில் என்ன? கவரை உடையுங்கள்."

அவர் ஏன் கேட்டார் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். மறந்துபோகும் மூச்சைத் தூண்ட அவர் போடப்போன ஊசி, நாங்கள் சோதித்த மருந்தின் வகையைச் சேர்ந்தது. போத்தலில் தண்ணீர் இருந்திருந்தால் முழு அளவு போட வேண்டும். ஐந்து வாரமாக மருந்து போயிருந்தால், அதற்கு மேல் முழு அளவு போட்டால் இதயம் தாங்காது. வலிப்பு வரலாம். பிள்ளை போய்விடவும் கூடும்.

பையை உதவித் தாதியிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து கவரைக் கிழித்தேன். வெறும் தண்ணீர். டொக்டரிடம் சொன்னேன். அவர் முழு அளவை ஊசியில் ஏற்றச் சொன்னார். நிரோஷா சுவரோடு ஒட்டி நின்றாள். அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "பயப்படாத. ஒம் போத்தல்ல இருந்தது வெறும் தண்ணிதான். இப்ப நல்ல மருந்தாவே போடப் போறாங்க."

அவள் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வடிந்து போனது.

"மிஸ்... இல்லீங்க மிஸ்..."

"சும்மா இரு."

"மிஸ், அந்தப் போத்தலு..."

"சும்மா இருன்னு சொல்றேன்ல! வேலைய பாக்க விடு!"

சொன்னது நான்தான். இந்த வாய்தான். மருந்து ஏற்றிய ஊசி டொக்டரின் கைக்குப் போய்விட்டது. அப்போது புஷ்பா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

"ஊசி போட வேணாம்னு சொல்லுங்க மிஸ்! அந்தப் புள்ள ஒடம்புலயும் மருந்து இருக்கு! ரெண்டு போத்தலையும் கலந்துட்டோம்!"

கலந்துவிட்டார்களா? எதை? எப்போது? இருபத்தெட்டு வருடம் வாயில் புழங்கிய சிங்களம் அந்த ஒரு நொடியில் ஒரு சொல் மிச்சமில்லாமல் மறந்து போயிற்று. டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கலந்துட்டாங்க, கலந்துட்டாங்க" என்று தமிழில் கத்துகிறேன். ஒரு தாதி டொக்டரின் கையைப் பிடிப்பதா? பிடித்தேன். ஊசி பிள்ளையின் தோலுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

பிறகு எப்படியோ மொழி திரும்பி வந்தது. சொன்னேன். டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "மூச்சு நிற்கும் பிள்ளைக்கு இதயம் மெதுவாகத்தான் அடிக்க வேண்டும். இதற்கு ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று எனக்கே இடித்தது" என்றார். உடனே அடுத்த வார்த்தை: "மற்றப் பிள்ளையின் கவரை உடையுங்கள்."

அதுவும் சரிதானே. புஷ்பாவின் போத்தலும் தண்ணீராக இருந்தால், கலந்தது தண்ணீரும் தண்ணீரும்தான். மருந்தாக இருந்தால் இந்தப் பிள்ளையின் உடம்பில் ஐந்து வாரமாகப் பாதி மருந்து இருக்கிறது. ஆனால் சுகமாக இருக்கும் பிள்ளையின் கவரை உடைக்கக் கூடாது. சோதனையை நடத்தும் கொழும்பு அலுவலகத்துக்குப் பேசி, அனுமதி வாங்கி, கையெழுத்துப் போட்டுத்தான் உடைக்கலாம். பயிற்சியில் அதைத்தான் மூன்று தரம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொழும்பு நம்பரை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. மீண்டும் அடித்தேன். பின்னால் பை அமுங்கி எழும் சத்தம். அது நின்றால் பிள்ளை இல்லை.

போனை வைத்தேன். கிழித்தேன்.

மருந்து.

டொக்டர் நாலில் ஒரு பங்கு அளவைத்தான் போட்டார். பிறகு எல்லோரும் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. உதட்டில் இருந்த நீலம் முதலில் சாம்பலாகி, பிறகு மெல்லச் சிவந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்துத் தும்மியது. அந்தத் தும்மலுக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து உதவித் தாதி பயந்தே போய்விட்டாள்.

அழுது முடிந்ததும் எனக்கு வந்தது கோபம். இருவரையும் வெளியே இழுத்துப்போய் வாங்கில் உட்கார வைத்தேன். "என்ன காரியம் செஞ்சி வச்சிருக்கீங்க! புள்ள போயிருந்தா? வெளங்குச்சுன்னு தலையாட்டுனீங்களே, என்னத்த வெளங்குனீங்க?"

புஷ்பாதான் பேசினாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வெளங்குனதாலதாங்க மிஸ் கலந்தோம். ஒன்னுல மருந்து, ஒன்னுல தண்ணின்னீங்க. எதுலன்னு தெரியாதுன்னீங்க. கலந்துட்டா ரெண்டு புள்ளைக்கும் பாதியாவது கெடைக்கும்ல? ஜாம் போத்தல கழுவி, ரெண்டையும் ஊத்திக் குலுக்கி, திரும்பவும் பாதி பாதியா ஊத்தி வச்சோம். வாரா வாரம் மட்டம் பாத்துச் சரி பண்ணுவோம்."

"எப்படிடி ஒங்களுக்கு இப்படி ஒரு யோசனை வந்துச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் தெரியாமல் கேட்கிறேன் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. "மலையில செய்யுறது தானங்க. அவளுக்குக் கொழுந்து கொறஞ்சா, நிறுக்க முன்ன எஞ் சாக்குல உள்ளத அள்ளி அவ சாக்குல போடுவேன். எனக்குக் கொறஞ்சா அவ போடுவா. ரெண்டு பேருக்கும் பேரு விழணும்ல."

என் அம்மா செய்ததும் அதுதானே. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் வழியில், கங்காணி பார்க்காத திருப்பத்தில், சாக்குகள் சமமாவதை நான் சின்ன வயதில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! இரண்டு போத்தலும் தட்டில் ஒரே மட்டத்தில் இருந்தது அப்போதுதான் கண்ணுக்குள் வந்தது. ஒரு பிள்ளைக்குத் துளி குறைவு, ஒரு பிள்ளைக்குக் கூட. மூன்று வாரத்துக்குப் பிறகு அவை எப்படிச் சமமாக இருக்கும்? தனித்தனியாகப் பார்த்துச் சரி போட்டவள், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. கண் முன்னால்தான் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பேர வெட்டிருவேன்னு சொன்னீங்களே மிஸ்" என்றாள் நிரோஷா. அன்று அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. செருப்பால் அடித்தது போல் இருந்தது.

இன்னொன்றை நான் சொல்ல வேண்டியிருந்தது. கவர் உடைந்துவிட்ட பிறகு மறைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை. "புஷ்பா, மருந்து இருந்தது ஒம் போத்தல்லதான்."

அவள் கை, மார்பில் தூங்கிய பிள்ளையின் முதுகுக்குத் தானாகப் போனது. தங்காமல் போன இரண்டும் அந்த நேரம் அவள் மனதில் வந்திருக்காதா? "அப்ப எம் புள்ளைக்குப் பாதிதான் போச்சுங்களா?" என்றாள். பிறகு நிரோஷாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவ போத்தல்ல வெறும் தண்ணி. தெரியாமத்தான் குடுத்தீங்க, சரி. தெரியாம குடுக்க ஒங்களுக்கு எப்புடிங்க மிஸ் மனசு வந்துச்சு?"

டொக்டர் எப்போதோ வந்து எங்கள் பின்னால் நின்றிருக்கிறார். என்ன கேட்கிறாள் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் வந்து அந்த வாங்கிலேயே புஷ்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்கச் சொன்னார்.

"இந்த மருந்து நல்லது என்று தெரிந்திருந்தால் இரண்டு பிள்ளைக்கும் முழுவதுமாகக் கொடுத்திருப்பேன். எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி நடிப்பது இதைவிட மோசம். நீங்கள் கலந்தது பிழை, அதனால் ஒரு பிள்ளை சாகப் பார்த்தது. பயத்தை விட்டு அதைச் சொன்னதால்தான் அந்தப் பிள்ளை இருக்கிறது. அதற்கு நான் உங்களுக்குக் கடமைப்பட்டவள்."

புஷ்பா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் அவள் சொன்னதைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அப்படின்னா ஒரே லயத்துக்கு ஒரே மாதிரி குடுங்களேன். மருந்துன்னா எல்லாருக்கும் மருந்து, தண்ணின்னா எல்லாருக்கும் தண்ணி. அடுத்த லயத்துக்கு மத்தது. ரெண்டு போத்தலும் ஒன்னுன்னு தெரிஞ்சா நாங்க எதுக்குங்க கலக்கப் போறோம்?"

மொழிபெயர்த்தேன். டொக்டர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். சட்டைப் பையில் துழாவி, தாள் கிடைக்காமல், கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் எழுதிக்கொண்டார். "எத்தனை கூட்டம் போட்டோம்! ஒருவருக்கும் இது தோன்றவில்லையே" என்று தனக்குள்ளேயே சொன்னார். ஒன்பதாம் வகுப்போடு கொழுந்தெடுக்க மலைக்குப் போன பெண், வாங்கில் உட்கார்ந்தபடி, ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். நான் அசந்து போய் நின்றேன்.

விதிப்படி இரண்டு பிள்ளைகளும் சோதனையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வைத்தியமும் கவனிப்பும் குறையவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைக் கொண்டுபோய், பேர் வெட்டப்பட்டது என்று சொல்ல வேண்டியவள் நானாகவே இருந்தேன். என் அறிக்கையில் கவரை அனுமதியில்லாமல் உடைத்ததை எழுதினேன். "பேர வெட்டிருவேன்" என்றதையும், போத்தல் மட்டத்தையும், இரண்டு தரம் "சும்மா இரு" என்றதையும் எழுதினேன். கடைசியை எழுதத் தேவையில்லை என்று சொன்னார்கள். நான் வெட்டவில்லை.

புஷ்பாவின் மகன் நன்றாக இருக்கிறான். நிரோஷாவின் மகளுக்குப் பனிக்காலத்தில் கொஞ்சம் இளைப்பு வரும். மற்றபடி, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளை மடுவத்தில், அவன் கையிலிருக்கும் பிஸ்கட்டில் பாதியைப் பிடுங்காமல் விடமாட்டாளாம்.

இப்போது உங்கள் படிவத்தை எடுங்கள். மூன்றாவது வரி. உங்களுடைய இந்தச் சோதனையில் ஒரே லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வகைப் போத்தல்தான் போகிறது. அதற்காகத்தான் அங்கே லய நம்பர் கேட்கிறார்கள். அந்த வரியை எழுதியது கொழும்பு இல்லை, புஷ்பா. அதை வெறுமையாக விட்டுவிட்டு வாருங்கள் பார்ப்போம், ஓய்வு பெற்றவள் என்றும் பார்க்க மாட்டேன்.